அரைக்கால் மைலில் ஜெயித்த டயர், கால் மைலில் தோற்றது

பிஸ்கட் டின் ஒன்றில் நான் சேர்த்து வைத்திருக்கும் சீட்டுகளில் எழுத்து மங்கத் தொடங்கிவிட்டது. ஏ.டி.எம். சீட்டு போல, சூட்டில் அச்சாகும் காகிதம். இன்னும் கொஞ்ச காலத்தில் எல்லாம் வெள்ளைத் தாளாகிவிடும். அதற்குள் எழுதி வைத்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

மிச்சிகனில் ஆன் ஆர்பருக்குத் தெற்கே மிலன் என்று ஒரு சின்ன ஊர். அதன் ஓரத்தில் இருக்கிறது மிலன் டிராக்வே. நேரான கால் மைல் ஓடுபாதை, 1,320 அடி, நம் கணக்கில் 402 மீட்டர். பந்தயம் இல்லாத மாலைகளில் யார் வேண்டுமானாலும் பணம் கட்டி, சொந்த வண்டியை ஓட்டி நேரம் பார்க்கலாம். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் திரும்பும் வழியில் ஒரு கூண்டில் சீட்டு தருவார்கள். 60 அடியை எத்தனை நொடியில் கடந்தோம், 330 அடி, 660 அடி, 1,000 அடி, கடைசியில் 1,320 அடி, பாதியிலும் முடிவிலும் வேகம் என்ன, எல்லாம் அதில் இருக்கும். அந்த 660 அடியை அங்கே எட்டில் ஒரு பங்கு மைல் என்று சுற்றி வளைத்துச் சொல்வார்கள். நமக்கு அதற்கு ஒரே சொல் இருக்கிறது: அரைக்கால். பழைய வாய்ப்பாட்டில் படித்த அரைக்காலை நான் முதன்முதலாக உபயோகித்தது மிச்சிகனில்தான்.

வண்டி 2004 செவர்லே சில்வராடோ 1500 பிக்கப். ஒற்றை கேபின், பின்னால் குட்டைப் பெட்டி, 5.3 லிட்டர் வி8, பின்சக்கர ஓட்டம், நான்கு கியர் ஆட்டோமேட்டிக். எஞ்சின் 5,200 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு அத்தனை சுற்று) 295 குதிரைத்திறன் தரும். மரப்பலகையும் மெத்தையும் ஏற்றுவதற்காக 2018-இல் பழையதாக வாங்கினேன். கார் இருக்கைகளைச் சோதிக்கும் வேலை எனக்கு. எஞ்சினுக்கும் எனக்கும் அலுவலகத்தில் சம்பந்தம் கிடையாது. ஆனால் நாமக்கல்லில் லாரி பட்டறைக்குப் பக்கத்தில் வளர்ந்த பெண். ஒரு வண்டி ஏன் இழுக்கவில்லை என்று தெரிந்துகொள்ளாமல் தூக்கம் வராது.

அந்த வண்டி இழுக்கவில்லை. பழைய உரிமையாளர் அதற்கு 285/75 ஆர்16 டயர் போட்டிருந்தார். பார்க்க கம்பீரமாக இருக்கும். ஜூன் மாத மாலை ஒன்றில் முதன்முதலாக மிலனுக்குக் கொண்டுபோனேன். பந்தய டயரைச் சுழற்றிச் சூடேற்றுவதற்காகத் தண்ணீர் தெளித்திருந்த இடத்தைச் சுற்றிப் போகச் சொன்னார் அங்கே நின்றவர். பட்டன் (தரையைப் பற்றும் ரப்பர் கட்டைகள்) வைத்த சாதா டயர் ஈரத்தை வாரிக்கொண்டு போய்க் கோட்டில் சிந்தும், பின்னால் வருபவருக்கும் வழுக்கும். அது எனக்குத் தெரியாது. சுற்றிப் போய் நின்றேன். மஞ்சள் விளக்குகள் இறங்கின, பச்சை, மிதித்தேன்.

60 அடி 2.48 நொடி. அரைக்கால் மைல் 10.68. கால் மைல் 16.72, மணிக்கு 82.4 மைல்.

பக்கத்துப் பாதையில் ஓடிய குடும்பத்து மினிவேன் எனக்கு முன்னால் போய்விட்டது. வண்டியை நிறுத்திவிட்டு சீட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். 295 குதிரை எங்கே போயிற்று?

டயர் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்ணிலேயே பதில் பாதி இருந்தது. 285 என்பது மில்லிமீட்டரில் அகலம். 75 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் 75 சதவீதம், அதாவது 213.75 மி.மீ. சக்கரத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, ஆக இரண்டு மடங்கு. நடுவில் 16 அங்குல ரிம். கூட்டினால் மொத்த உயரம் 32.8 அங்குலம். சில்வராடோ வரிசையில் கம்பெனியிலிருந்தே வந்த 245/75 ஆர்16 டயரோ 30.5 அங்குலம். இரண்டே கால் அங்குலம்தானே என்று தோன்றும். ஆனால் டயர் ஒரு சுற்றுக்கு ஏழரை சதவீதம் அதிக தூரம் போகிறது என்றால், அதே வேகத்துக்கு எஞ்சின் ஏழு சதவீதம் குறைவாகச் சுற்றுகிறது. சாலையைத் தள்ளும் விசையும் அந்த அளவுக்குக் குறைகிறது. நீளமான ஸ்பேனரின் நுனியைப் பிடித்துத் திருப்புவதற்கும் குட்டை ஸ்பேனரில் திருப்புவதற்கும் உள்ள வித்தியாசம்தான், தலைகீழாக.

இதற்கு ஒரு கணக்கு உண்டு, மனப்பாடம் செய்துகொள்ளலாம். மணிக்கு எத்தனை மைல் என்பதை கியர் விகிதத்தால் பெருக்கி, அதைப் பின் ஆக்சில் விகிதத்தால் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது) பெருக்கி, 336-ஆல் பெருக்கி, டயர் உயரத்தால் (அங்குலத்தில்) வகுத்தால் ஆர்பிஎம் கிடைக்கும். 336 எங்கிருந்து வந்தது? ஒரு மைலுக்கு 63,360 அங்குலம். அதை 60-ஆலும் பிறகு 3.1416-ஆலும் வகுத்தால் 336. அவ்வளவுதான்.

என் வண்டியின் கியர்பாக்ஸ் 4எல்60இ. முதல் கியர் 3.06, இரண்டாவது 1.63, மூன்றாவது 1.00, நான்காவது 0.70. பின் ஆக்சில் எத்தனை என்பது டேஷ்போர்டு பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் குறியீடாக இருக்கும். ஜியு6 என்றால் 3.42, ஜிடி4 என்றால் 3.73, ஜிடி5 என்றால் 4.10. என்னுடையது ஜியு6. பக்கத்திலேயே ஜி80-உம் இருந்தது. ஒரு சக்கரம் வழுக்கினால் மற்றதையும் சேர்த்துப் பூட்டும் டிஃபரன்ஷியல் அது. நல்ல வேளை.

அன்று இரவே சமையலறை மேஜையில் கணக்குப் போட்டேன். முழுசாக மிதித்தால் என் வண்டி 5,600 ஆர்பிஎம்மில் கியர் மாற்றுகிறது. 32.8 அங்குல டயரோடு முதல் கியர் 52 மைல் வேகம் வரை ஓடுகிறது. இரண்டாவது கியர் 98 மைல் வரை. நான் கோட்டைக் கடந்ததோ 82.4 மைலில். அதாவது இரண்டாவது கியரில், சுமார் 4,700 ஆர்பிஎம்மில். எஞ்சினின் முழு பலம் இருக்கிற 5,200-ஐ இரண்டாவது கியரில் ஒரு கணம்கூடத் தொடாமலே பந்தயம் முடிந்துவிட்டது. இன்னொன்று: முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது 3.06-இலிருந்து 1.63, கிட்டத்தட்ட பாதி. 5,600-இல் கத்திக்கொண்டிருந்த எஞ்சின் 3,000-த்துக்கு விழுகிறது. அங்கிருந்து எழுந்து வருவதற்குள் பாதை தீர்ந்துவிடுகிறது.

(நிஜத்தில் டேகோமீட்டர் இந்தக் கணக்கைவிட இருநூறு முந்நூறு கூடக் காட்டும். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் கொஞ்சம் வழுக்கும். வண்டியின் எடையில் டயரும் நசுங்கி உயரம் குறையும். டயரிலும் தரையிலும் சாக்பீஸால் கோடு போட்டு, ஒரு சுற்று உருட்டி அளந்து பார்த்தேன். ஏட்டுக் கணக்குப்படி 103 அங்குலம் வர வேண்டும், வந்தது நூறரை. ஒப்பிட்டுப் பார்க்க ஏட்டுக் கணக்கே போதும், எல்லா டயரிலும் இந்தப் பிசகு ஏறக்குறைய ஒரே அளவுதான்.)

அடுத்த வாரம் யாரோ விற்ற பழைய 245/75 ஆர்16 செட்டை ரிம்மோடு 120 டாலருக்கு வாங்கினேன். குளியலறை எடை மெஷினில் ஒவ்வொன்றாக ஏற்றி நிறுத்தோம். மகள் எண்ணைப் படித்தாள், நான் எழுதினேன். பெரியது 84 பவுண்டு, சின்னது 61. நான்குக்கும் சேர்த்து 92 பவுண்டு வித்தியாசம். அது பெட்டியில் கிடக்கும் 92 பவுண்டு மாதிரி அல்ல. சுற்றுகிற எடையை முன்னே தள்ளவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும். அதுவும் டயரின் எடை விளிம்பில்தான் அதிகம். ஏறக்குறைய இரட்டிப்பாகக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். நூறு பவுண்டுக்குப் பத்தில் ஒரு நொடி என்பது டிராக் ஸ்ட்ரிப்பில் (மிலன் மாதிரி நேர் ஓடுபாதையில்) எல்லோரும் சொல்லும் தோராயம். அப்படிப் பார்த்தால் எடை குறைந்ததால் மட்டுமே 0.15 நொடியாவது கிடைக்க வேண்டும்.

மறுபடி மிலன். 60 அடி 2.34, அரைக்கால் 10.25, கால் மைல் 16.11, வேகம் 84.5 மைல். எஞ்சினில் ஒரு திருகைக்கூடத் தொடாமல் 0.61 நொடி! வீட்டுக்கு ஓட்டி வரும் வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்தேன்.

அந்த 84.5 மைலில் ஆர்பிஎம் எவ்வளவு என்று போட்டுப் பார்த்தால் சுமார் 5,190. எஞ்சினின் உச்ச பலம் 5,200-இல். கம்பெனி அளவு டயரோடு இந்த வண்டி கோட்டைக் கடப்பது, இரண்டாவது கியரில், சரியாக உச்சத்தில். அப்படி ஒரு பொருத்தத்தைப் பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது.

இங்கே ஒரு நுணுக்கம். நேரம் ஓடத் தொடங்குவது பச்சை விளக்கு எரியும்போது அல்ல. புறப்படும் கோட்டில் குறுக்கே பாயும் ஒளிக்கற்றையை விட்டு முன்சக்கரம் விலகும்போதுதான். அதனால் பச்சையைப் பார்த்துத் தூங்கிவிட்டாலும் சீட்டில் உங்கள் ஓட்ட நேரம் கெடாது. ஆனால் முன் டயர் உயரமாக இருந்தால் அது கற்றையைக் கூடுதல் தூரம் மறைத்துக்கொண்டிருக்கும். கடிகாரம் தொடங்குவதற்குள் வண்டி இன்னும் கொஞ்சம் நகர்ந்து வேகம் பிடித்துவிடும். அதாவது பெரிய டயருக்கு அந்த ஒரு சலுகை இருந்தும் தோற்றிருக்கிறது. இது தெரிந்த பிறகு, பின் டயரைச் சோதிக்கும்போது முன் டயரை மாற்றவே கூடாது என்று வைத்துக்கொண்டேன்.

அடுத்து ஆக்சில். எங்கள் ஊர் பட்டறையில் சொல்கிற மாதிரி கிரவுன் பினியன்: பினியன் என்ற சின்னப் பல்சக்கரம் கிரவுன் என்ற பெரியதைச் சுற்றும். செவர்லேயின் இந்தப் பத்து போல்ட் ஆக்சிலில் ஓர் அழகு உண்டு. கிரவுனுக்கு 41 பல். பினியனுக்கு 12 பல் என்றால் 3.42, 11 என்றால் 3.73, 10 என்றால் 4.10, ஒன்பது என்றால் 4.56. ஒவ்வொரு பல்லாகக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் 3.73 போதும் என்றார்கள். கணக்கில் பார்த்தால் 3.73-க்கு இரண்டாவது கியர் 83.6 மைலில் தீர்கிறது. கோட்டுக்கு நான்கைந்து வண்டி நீளம் முன்பு மூன்றாவது விழும். நான் 4.10-ஐ எடுத்தேன். காரணம் பந்தயம் மட்டும் அல்ல. குளிர்காலத்தில் பனிக்கு அந்தப் பெரிய டயர்தான் எனக்கு வேண்டும். 4.10-உம் 32.8 அங்குலமும் சேர்ந்தால், கம்பெனி டயரில் 3.81 போட்டதற்குச் சமம்.

மாற்றியதில் பட்ட பாடு தனிக் கதை. ஒரு பட்டறையில் கொடுத்தேன். திரும்பி வந்த வண்டி 45 மைல் வேகத்தில் காலை எடுத்தால் ஊளையிட்டது. புதுப் பல் அப்படித்தான் சத்தம் போடும், போகப் போகச் சரியாகிவிடும் என்றார்கள். ஆகாது. சத்தம் போடும் பல் தேய்ந்துகொண்டிருக்கும் பல். அப்பாவுக்கு போனில் அந்தச் சத்தத்தைக் கேட்கவைத்தேன். "பினியன் ஆழம் சரியில்ல கண்ணு, மூடியைக் கழட்டு" என்றார். கழற்றி, பல்லில் மஞ்சள் பசை தடவிச் சுற்றிப் பார்த்தோம், அலுவலக நண்பர் ஒருவரும் நானும். பதிவு பல்லின் ஓரத்தில் விழுந்திருந்தது. பினியனுக்குப் பின்னால் இருந்த ஷிம்மை (மெல்லிய தகடு) மாற்றி, புது கிரஷ் ஸ்லீவ் (இறுக்கும்போது நசுங்கும் குழாய்) போட்டு, இரண்டு பல்லுக்கும் இடையே உள்ள லூஸ் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் எட்டு பங்கு வரும்படி வைத்தோம். இரண்டு வார இறுதிகள் போயின. அப்புறம் முதல் 500 மைல் மெதுவாக, இருபது நிமிடம் ஓட்டி ஆறவிட்டு ஓட்டினேன். ஊளை போய்விட்டது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஸ்பீடோமீட்டர் எண்ணுவது கியர்பாக்ஸிலிருந்து வெளிவரும் தண்டின் சுற்றை. ஆக்சிலை மாற்றிவிட்டு கம்ப்யூட்டருக்குச் சொல்லாவிட்டால், 50 மைலில் போகும்போது 60 என்று காட்டும். தானியங்கி கியர் மாறுவதும் அந்தத் தப்பான வேகத்தை வைத்துத்தான், எனவே முன்னதாகவே மாறிவிடும். கையடக்க புரோகிராமரில் ஆக்சில் விகிதத்தையும் டயர் உயரத்தையும் கொடுத்துச் சரிசெய்த பிறகுதான் மிலனுக்குப் போனேன்.

2019 மே. போன வருஷம் ஓடிய அதே அளவு குளிர் மாலையாகப் பார்த்துப் போனேன்; காற்று சூடாகி லேசானால் எஞ்சினின் பலம் குறையும், ஒப்பிடவே முடியாது. கம்பெனி அளவு டயர், 4.10 ஆக்சில். 60 அடி 2.20, அரைக்கால் 9.92, கால் மைல் 15.74, வேகம் 84.9.

0.37 நொடி குறைந்தது. சந்தோஷம்தான். ஆனால் சீட்டை இரண்டாக மடித்துப் பார்த்தேன். முதல் பாதியில் 0.33 நொடி ஜெயித்திருக்கிறேன். இரண்டாவது பாதியில்? 5.86 நொடி எடுத்தது இப்போது 5.82. வெறும் 0.04. வேகமும் அரை மைல்கூட ஏறவில்லை. ஏனென்றால் இப்போது இரண்டாவது கியர் 76 மைலில் தீர்ந்துவிடுகிறது. மூன்றாவது விழுந்ததும் எஞ்சின் 5,600-இலிருந்து 3,400-க்கு இறங்கி, 3,800-இல் திணறிக்கொண்டே கோட்டைக் கடக்கிறது. புறப்படும்போது சம்பாதித்ததுதான் மொத்த லாபமும். பின்பாதியில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை.

அந்த ஜூலையில் அப்பா வந்திருந்தார். நாமக்கல்லில் முப்பது வருஷம் லாரி வைத்திருந்தவர். சீட்டுகளை எல்லாம் மேஜையில் பரப்பி, ஒவ்வொன்றையும் விளக்கிச் சொன்னேன். அவருக்கு மைல், அங்குலமெல்லாம் தொந்தரவு இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நம்ம வண்டிக்கு 900-20 டயரை எடுத்துட்டு 1000-20 போட்டோமே, ஞாபகம் இருக்கா கண்ணு? தொப்பூர் மேட்டுல ஒரு கியர் கீழே வர வேண்டியதாப் போச்சு" என்றார்.

"ஆமாங்கப்பா, கிளீனர் அண்ணன் இறங்கி நடந்தே வந்தேன்னு சொல்வாரு."

"டயர் மாத்துனாலும் கிரவுன் மாத்துனாலும் ரோட்டுக்கு ஒண்ணுதான். எந்தப் பக்கம் பல்லை எண்ணுனா என்ன?"

அதைத்தான் நான் ஒரு வருஷமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆக்சில் விகிதத்தை டயர் உயரத்தால் வகுத்தால் வரும் ஒரே எண்தான் வண்டிக்குத் தெரியும்.

அப்பா இருக்கும்போதே இன்னும் ஒரு படி போய்ப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். பின்னால் மட்டும் 18 அங்குல ரிம்மில் 295/45 ஆர்18 டயர். உயரம் 28.4 அங்குலம். ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் பிக்கப்புக்கு 1999-இலிருந்து 2004 வரை கம்பெனியில் வந்த அளவு அது. அந்த வண்டிகளுக்காகவே நல்ல பிடிப்புள்ள டயர்கள் இந்த அளவில் கிடைத்தன. ஃபோர்டும் இந்த விளையாட்டை ஆடியிருக்கிறது: 1999, 2000 லைட்னிங்கில் ஆக்சில் 3.55, 2001-இல் குதிரைத்திறனை 360-இலிருந்து 380 ஆக்கியபோது ஆக்சிலையும் 3.73 ஆக்கினார்கள்.

என் 4.10-உம் 28.4 அங்குலமும் சேர்ந்தால், கம்பெனி டயரில் 4.40 போட்ட மாதிரி. ஒரே மாலையில் மூன்று ஓட்டம் கம்பெனி டயரில், ஜாக்கி போட்டுப் பின்சக்கரங்களை மாற்றி மூன்று ஓட்டம் குட்டை டயரில். முன்சக்கரங்களைத் தொடவில்லை. அப்பா வேலியோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் என் மகள் நோட்டுப் புத்தகத்தோடு. கம்பெனி டயரில் மே மாதத்து நேரத்தை ஒட்டியே ஓடியது. குட்டை டயரில் நல்ல ஓட்டம் இது: 60 அடி 2.15. அரைக்கால் 9.84, வேகம் 69.0. கால் மைல் 15.77, வேகம் 84.2.

முதல் பாதியில் 0.08 நொடி ஜெயித்தேன். இரண்டாவது பாதியில் 0.11 தோற்றேன். மொத்தத்தில் மெதுவாகிவிட்டது, வேகமும் குறைந்துவிட்டது.

இதைப் பார்த்து நான் ஏமாந்துபோகவில்லை. இத்தனை சீட்டுகளில் எனக்கு மிகவும் பிடித்த சீட்டு இதுதான். ஏன் என்று பாருங்கள். 28.4 அங்குலத்தில் இரண்டாவது கியர் 70.8 மைலில் தீர்கிறது. அரைக்கால் மைலை நான் கடந்தது 69.0-இல். அதாவது 660 அடி வரை வண்டி இரண்டாவது கியரிலேயே, 5,400-ஐத் தாண்டி, முழுப் பலத்தோடு வந்திருக்கிறது. அந்தக் கோட்டைத் தாண்டின உடனே மூன்றாவது கியர் விழுந்து, 3,400-க்குப் போய், மிச்சமிருக்கும் 600 சொச்சம் அடியையும் பலமில்லாத ஆர்பிஎம்மில் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. அமெரிக்காவில் அரைக்கால் மைலோடு முடியும் ஸ்ட்ரிப்புகள் நிறைய உண்டு. அப்படி ஓர் ஊரில் நான் இருந்திருந்தால் இதே டயர்தான் என் வெற்றி டயர். ஒரே வண்டி, ஒரே மாலை, ஒரே சீட்டில் ஜெயித்தும் இருக்கிறேன், தோற்றும் இருக்கிறேன்.

அதனால்தான் "எந்த ஆக்சில் போடட்டும்?" என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது: எத்தனை அடி ஓடப் போகிறீர்கள், கோட்டைக் கடக்கும்போது உங்கள் வேகம் என்ன, அந்த இடத்தில் எந்த கியரில் எத்தனை ஆர்பிஎம்மில் இருப்பீர்கள்? அந்த ஆர்பிஎம் உச்ச பலத்தை ஒட்டி இருக்க வேண்டும், கடைசி கியர் மாற்றம் கோட்டுக்குச் சற்று முன்னால் வந்துவிடாமல் இருந்தால் நல்லது. இந்த இரண்டும் சரியாக அமைந்த பிறகுதான் புறப்படும்போது எவ்வளவு கூடுதல் இழுப்பு கிடைக்கும் என்று பார்க்க வேண்டும்.

என் வண்டியின் பாதித் தொல்லைக்கு டயரும் காரணமல்ல, ஆக்சிலும் காரணமல்ல, 3.06, 1.63, 1.00 என்று அகலக் காலடி வைக்கும் கியர்பாக்ஸ்தான். 2018 எஃப்-150-இன் பத்து கியர் பெட்டியைப் பாருங்கள்: 4.70, 2.99, 2.15, 1.77, 1.52 என்று போகிறது. அதில் மிக நீளமான 3.15 ஆக்சில் இருந்தால்கூட முதல் கியரின் மொத்தப் பெருக்கல் 14.8. நான் 4.10 போட்ட பிறகும் என்னுடையது 12.5தான், முன்பு 10.5. அதோடு இரண்டாவது கியரைத் தாண்டிவிட்டால் அதன் ஒவ்வொரு படியும் சின்னப் படி, எஞ்சின் உச்சத்தை விட்டு அதிகம் விலகுவதே இல்லை. அந்த மாதிரி வண்டிக்கு ஆக்சில் மாற்றுவதில் எனக்குக் கிடைத்த லாபத்தில் கால்வாசிகூடக் கிடைக்காது. 2018 எஃப்-150 வைத்திருக்கும் ஒருவர் 4.10 போட ஆசைப்பட்டார், இந்தக் கணக்கைக் காட்டித் தடுத்தேன். அந்தப் பணத்துக்கு நல்ல டயர் வாங்கினார்.

இந்தப் பந்தய வகைகளில் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும், மிக வேகமான டாப் ஃபியூயல் வண்டிகளில் கியர் மாற்றுவதே கிடையாது. ஆக்சில் 3.20 என்று விதியே நிர்ணயித்துவிட்டது. ஆனால் அவற்றின் பின் டயர் புறப்படும்போது நசுங்கிச் சுருங்கும், வேகம் ஏற ஏற சுழற்சி விசையில் உயர்ந்துகொண்டே போகும். டயரே கியர்பாக்ஸாக வேலை செய்கிறது. அந்தப் படங்களை மெதுவாக ஓட்டிக் காட்டியபோது அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

தினசரி ஓட்டத்துக்கு இதற்கெல்லாம் விலை உண்டு. 70 மைல் வேகத்தில் நெடுஞ்சாலையில் போனால் 3.42-இல் எஞ்சின் 1,850 ஆர்பிஎம். 4.10-இல் 2,200. குட்டை டயரும் சேர்ந்தால் 2,400-ஐத் தொடும். பெட்ரோல் பில்லில் அது தெரிகிறது. குட்டை டயரை நான் ஸ்ட்ரிப்புக்குக் கூட எடுத்துப் போவதில்லை இப்போது. கராஜில் பாய் சுற்றி வைத்திருக்கிறேன், என்றாவது அரைக்கால் மைல் பந்தயத்துக்குக் கூப்பிட்டால் எடுக்கலாம்.

அக்டோபர் கடைசியில், மிலன் குளிர்காலத்துக்கு மூடுவதற்கு முன்னால், பனிக்கான பெரிய டயரை மாட்டிக்கொண்டு ஒரே ஒரு ஓட்டம் ஓடினேன். 32.8 அங்குலம், 4.10. முதல் இரவில் தலைகுனிய வைத்த அதே நான்கு டயர்கள். நல்ல குளிர்காற்று, அதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். 16.24 நொடி. முதல் சீட்டைவிட கிட்டத்தட்ட அரை நொடி குறைவு. இரண்டாவது கியர் 81.8 மைலில் தீரும், நான் கடந்தது 83-இல். கோட்டுக்குச் சற்று முன்னால்தான் மூன்றாவது விழுந்திருக்கிறது. நாமக்கல்லில் அப்போது விடிந்துகொண்டிருந்தது. சீட்டைப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது: "டயர் பட்டன் எவ்வளவு இருக்கு? பனி வருது, பாத்துக்க கண்ணு."